நியூட்ரினோவுக்கு ஒரு பதில், மலைக்கு வேறு பதில்

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலைக்கு அடியில் வைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ கருவி அடிப்படையில் 50,000 டன் இரும்பு. 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள தகடுகளை 150 அடுக்காகப் படுக்கவைத்து, இடைவெளிகளில் வாயு நிரப்பிய கண்ணாடி உணர்கலங்களைச் செருகி, மொத்த இரும்பையும் மின்காந்தமாக்குவார்கள். விண்வெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களில் ஏதோ ஒன்று, மிக அரிதாக, இரும்பணுவைத் தாக்கும். அதிலிருந்து மியூவான் என்ற துகள் கிளம்பும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரிக்கலாம். மற்ற கதிர்கள் குறுக்கிட்டால் இந்த அரிய தடம் தொலைந்துபோகும். அவற்றைத் தடுக்கத்தான் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை வேண்டியிருக்கிறது.

ஆகவே கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கு இடமில்லை. இந்தக் கருவி எதையும் உமிழ்வதில்லை. நாம் தூங்கும்போதும் நம் உடலைத் துளைத்துப் போய்க்கொண்டிருப்பவற்றில் ஒன்றிரண்டைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே இத்தகைய நியூட்ரினோக்கள் பதிவாகின. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி ஒன்றும் அமைக்கப்பட்டது. கருவி எதையும் உமிழ்வதில்லை என்பதை மறுத்துப் பீதி கிளப்பியவர்கள் தங்கள் நியாயத்தையே பலவீனப்படுத்தினார்கள்.

ஆனால் மக்களின் பயம் அது ஒன்று மட்டுமல்ல. சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு வெடி வைத்தால் ஊற்று என்னாகும், லட்சக்கணக்கான டன் கல் எங்கே போகும் என்றும் கேட்டார்கள். அதற்கு “நியூட்ரினோ தீங்கற்றது” என்பது சமாதானம், பதில் அல்ல. இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்தில் 2002-ல் ஒரு திரவம் கசிந்து ஓடையில் கலந்தது. அங்கும் குற்றவாளி நியூட்ரினோ இல்லை. இரும்பும் கண்ணாடியுமான நம் கருவியில் அந்தத் திரவம் கிடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மலைக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி கருவியைப் பொறுத்ததில்லை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவின் அருகாமையைக் காட்டித்தான் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு சொன்ன மறுப்பும் மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் பற்றியதே. துகள் இயற்பியலாளர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் இவற்றுக்கு அவர் விடை சொல்ல முடியாது. நிலத்தடி நீரை அளப்பவரும் காட்டை அறிந்தவரும், முதல் வெடிக்கு முன்பே எடுத்த அளவுகளோடு ஊர்க் கூட்டத்தில் வந்து நிற்க வேண்டும்.