தகவல் துளி: அனல் பறக்கும் செய்திகள்

2015 பிப்ரவரியில் ஸ்ரீரங்கம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மாசிப் பனியானாலும், தேர்தல் என்றால் செய்தித்தாளில் பிரசாரம் அனல் பறக்கும், களம் சூடுபிடிக்கும். மே மாதக் கத்திரி வெயிலுக்கும் இதே சொற்கள்தான். திருச்சியில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் 'வெயில் சதம் அடித்தது' என்பார்கள். அது 37.8 டிகிரி செல்சியஸ். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்கிறது.

மேடைச் சூடு வாக்குப்பதிவோடு தணியும். வெயிலோ திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவரின் உயிரையே பறிக்கக்கூடும். வெயில் செய்தியில் சதக் கணக்கைவிட எச்சரிக்கை முந்தி வரட்டும். நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலைத் தவிர்ப்போம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிப்போம்.