காணாமற்போகும் குழந்தைகளும் பாதுகாப்பு அமைப்பின் குறைகளும்: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்

பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ இருப்பிடம் தெரியாத, 18 வயது நிறையாத எவரும் காணாமற்போன குழந்தையே. வழிதவறியது, வீட்டைவிட்டு வெளியேறியது, கடத்தப்பட்டது, வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டது என்று காரணம் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்.

வட்டாரத்தின் நிலை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பிணைந்தவை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், இவை இன்று மூன்று மாவட்ட நிர்வாகங்களின் கீழ் உள்ளன. காட்பாடி, ஜோலார்பேட்டை சந்திப்புகளில் ரயில் ஏறும் குழந்தை சில மணி நேரத்தில் ஆந்திரத்தையோ கர்நாடகத்தையோ அடைந்துவிடும். தேடுதலோ காவல் நிலைய எல்லையிலேயே தயங்கி நிற்கிறது.

சட்டம் சொல்வது

பச்பன் பச்சாவ் அந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.05.2013 அன்று அளித்த உத்தரவின்படி, குழந்தையைக் காணவில்லை என்ற ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். கடத்தல் என்றே கருதி விசாரிக்க வேண்டும். நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

எங்கே தவறுகிறது?

முதல் தவறு பதிவில். "இரண்டு நாள் பாருங்கள், வந்துவிடும்" என்று அனுப்புவதும், வளரிளம் பெண் என்றால் "யாருடனோ போயிருப்பாள்" என்று முடிவுகட்டுவதும் முக்கியமான முதல் மணி நேரங்களை விழுங்கிவிடுகின்றன.

இரண்டாவது, பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாதது. 2005இல் வெளிப்பட்ட சென்னை தத்தெடுப்பு மோசடியில், குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் வேறு பெயரில் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தனர். காவல் நிலையப் புகாரையும் தத்துப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆளில்லை.

மூன்றாவது, புகாரே வராத குழந்தைகள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். பெற்றோருடனேயே இருந்த அக்குழந்தைகளைத் தேடிப் புகார் கொடுக்க யார் இருந்தார்கள்? தோல் பதனிடுதலில் 14 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்த 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதித்தது. ஆனால் வீடுகளில் கையால் தைக்கப்படும் காலணி மேற்பகுதி வேலை தொழிற்சாலை ஆய்வாளரின் கண்ணில் படுவதில்லை. இத்தகைய குழந்தைகளைப் பொறுத்தவரை பள்ளி வருகைப் பதிவேடே முதல் எச்சரிக்கை மணி. தொடர்ந்து வராத மாணவரை இடைநிற்றல் கணக்கில் எழுதி மூடிவிட்டால் அந்த மணியும் ஒலிக்காது.

செய்ய வேண்டியவை

காத்திருக்காமல் 1098 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். அண்மையில் எடுத்த புகைப்படத்துடன் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. மனு ரசீதோடு திரும்பாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்; அது இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.