பாறையா, களிமண்ணா? மென்பொருள் கேட்க வேண்டிய கேள்வி

“475 ஆண்டு மீள்காலத்துக்கு உச்ச நில முடுக்கம் 0.2 ஜி.” நிலநடுக்க அபாயத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் இந்தப் பாணியில்தான் விடை தருகின்றன. பள்ளிக்கூடம் கட்ட இடம் தேடும் நகராட்சிப் பொறியாளர் இதைப் படித்தால், ‘இன்னும் நானூறு வருஷம் கவலையில்லை’ என்று நினைக்கக்கூடும். அதே விடையை வேறு விதமாகவும் சொல்லலாம்: அடுத்த 50 ஆண்டுகளுக்குள் அந்த அளவை மிஞ்சிய குலுக்கல் வர 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் ஆளைத் தூங்க வைக்கும், இரண்டாவது எழுப்பிவிடும்.

கணக்கு எப்படி நடக்கிறது?

1968இல் அலின் கார்னெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்துத் தந்த முறையே இதன் அடிப்படை. மூன்று விவரங்கள் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த நிலப்பிளவுகள் எவ்வளவு அடிக்கடி அதிர்கின்றன? தூரம் கூடக்கூட அதிர்வு எப்படிக் குறைகிறது? காலடியில் இருப்பது என்ன மண்? முதல் இரண்டிலும் வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லாததால், ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எடை கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

இலவசம் என்றால் எளிதா?

இத்தாலியின் பவியா நகரிலுள்ள ‘ஜெம்’ அறக்கட்டளை உருவாக்கிய ‘ஓப்பன்குவேக்’ மென்பொருளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நிரலும் திறந்தே கிடக்கிறது. ஆனால் நிலப்பிளவுகளின் விவரத்தை எக்ஸ்எம்எல் கோப்புகளாகவும், கணக்கின் விதிகளைத் தனியொரு கோப்பாகவும் எழுதித் தர வேண்டும். இந்தச் சிரமத்தைக் குறைக்க உலாவியில் இயங்கும் பக்கமும், விடைகளை வரைபடமாகப் பார்க்க ‘க்யூஜிஐஎஸ்’ என்ற வரைபட மென்பொருளுக்கான இணைப்பும் வந்தன.

எளிமையிலும் ஆபத்து

பொத்தானை அழுத்தினால் விடை வரும்படி செய்வது பெரிய காரியமல்ல. பயனர் நிரப்பாமல் விட்ட கட்டத்தை மென்பொருள் எதை வைத்து நிரப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜெம் 2018இல் வெளியிட்ட உலக அபாய வரைபடமே பாறைத் தரையை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஊர்களோ பாறைமேல் மட்டும் இல்லை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பிறந்த 8.0 அளவு நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தலைநகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. வற்றிய ஏரியின் களிமண் அதிர்வைப் பலமடங்கு பெருக்கியதே காரணம். அங்கே ‘தரை: பாறை’ என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் மென்பொருள், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏமாற்றிவிடும்.

விடையை எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ‘பேஜர்’ ஒரு நல்ல முன்மாதிரி. பெரிய நிலநடுக்கம் நடந்த சிறிது நேரத்தில் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் மதிப்பிட்டு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுகிறது. உயிரிழப்பு ஆயிரத்தை எட்டும் என மதிப்பிட்டால் சிவப்பு. அதோடு நிற்காமல், இழப்பு எந்த வரம்புக்குள் விழ எவ்வளவு வாய்ப்பு என்ற பட்டை வரைபடத்தையும் பக்கத்திலேயே வைக்கிறது. அவசரக்காரருக்கு நிறம் போதும். யோசிப்பவருக்கு ஐயத்தின் அளவும் கிடைக்கிறது.

அபாய மென்பொருளுக்கும் இதே வழி பொருந்தும். கோப்பு எழுதும் பாட்டை அது மறைக்கட்டும். அனுமானத்தை மறைக்கக் கூடாது. ‘மண்ணின் வெட்டலை வேகம் என்ன?’ என்று கேட்பதற்குப் பதில், ‘தரை பாறையா, களிமண்ணா?’ என்று கேட்கலாம். ‘தெரியாது’ என்று பொறியாளர் சொன்னால், இரண்டுக்கும் கணக்குப் போட்டு அருகருகே காட்டலாம். இரு விடைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தாலே, மண் பரிசோதனைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிடும்.