கிழட்டுப் புல் தூர்களைப் பிரிப்பதா, பெயர்ப்பதா?

கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஏராளம். நட்ட முதல் ஆண்டில் ஆள் உயரம் வளர்ந்து, அறுக்க அறுக்கத் துளிர்த்து, கறவை மாட்டின் தீவனக் கவலையைத் தீர்த்த அதே புல், நாலைந்து ஆண்டுகளில் நலிந்து விடுகிறது. தூர் மட்டும் பெரிய கூடை அளவுக்குப் பருத்து நிற்கும். நடுவில் காய்ந்த தட்டையும், சுற்றிலும் சுண்டுவிரல் கனத்தில் மெலிந்த துளிர்களும் தெரியும். முன்பு ஒரு வரிசையில் கிடைத்த கட்டுக்கு இப்போது மூன்று வரிசை அறுக்க வேண்டியிருக்கும். யூரியா போட்டுப் பார்த்துப் பலன் இல்லாமல், வைக்கோலும் புண்ணாக்கும் கூடுதலாக வாங்கத் தொடங்குவார்கள். பால் காசு அந்த வழியில் போய் விடுகிறது. இத்தனைக்கும் புல் கெட்டுப் போகவில்லை, தூர்தான் முற்றியிருக்கிறது.

இந்தப் புல் ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் தூரின் வெளி ஓரத்தில்தான் புதுக் குருத்து விடும். நடுப்பகுதியில் உள்ள பழைய அடித்தட்டைகள் மெல்லச் செத்துக் கட்டையாகி விடுகின்றன. அரையடி உயரம் விட்டு அறுப்பவர்கள் தோட்டத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அறுத்த கட்டைகளின் மேலேயே புதுத் துளிர் வருவதால், ஆண்டுக்கு ஆண்டு தூர் மேலே ஏறி விடுகிறது. அந்தத் துளிரின் வேர் மண்ணைத் தொடுவதற்கு முன் காய்ந்து போகிறது. போட்ட உரமும் பாய்ச்சிய தண்ணீரும் செத்த கட்டையைச் சுற்றியே நின்று விட்டால் புல் எப்படித் தழைக்கும்?

ஆகவே தூர் கலைத்தல் என்பது விருப்பப்பட்டால் செய்யும் வேலை அல்ல. தூர் பருத்த உடனே, கூடுமானால் ஆண்டுக்கு ஒரு முறை, செய்ய வேண்டியது. மானாவாரித் தோட்டத்தில் முதல் நல்ல மழைக்குப் பின் செய்யலாம். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோடை உச்சத்தையும், தண்ணீர் தேங்கும் அடைமழை நாட்களையும் மட்டும் தவிர்த்தால் போதும்.

முதலில் புல்லைத் தரையோடு ஒட்டி அறுத்து விட வேண்டும். அறுக்கும் முன் நீண்ட கம்பால் தூரைச் சுற்றித் தட்டுவது நலம். முற்றிய தூருக்குள் எலி வளையும், எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கக் கூடும். தட்டையிலும் இலையிலும் உள்ள சுணை அரிப்பு கொடுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக் கொள்வது நல்லது. பிறகு கடப்பாரையைத் தூரின் நடுவில் இறக்கி நான்காகப் பிளக்க வேண்டும். ஈரம் உள்ள மண்ணில் இது எளிது. காய்ந்த மண்ணில் கடப்பாரை துள்ளும். முதல் நாளே தண்ணீர் விட்டு வைப்பது உத்தமம். நான்கில் மூன்று பங்கைப் பெயர்த்து எடுத்து, உயிருள்ள குருத்துகள் அதிகமாக உள்ள ஒரு பங்கை மட்டும் அங்கேயே விட்டு விடலாம். குழியில் நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கூடை போட்டு, மண் அணைத்து, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். துளிர் ஒரு சாண் வந்த பிறகு சென்ட்டுக்கு அரைக் கிலோ அளவில் யூரியா தூவினால் போதுமானது.

பெயர்த்த மூன்று பங்கையும் குப்பையில் எறிய வேண்டாம். வெளி ஓரத்தில் உள்ள வேருடன் கூடிய குருத்துகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிரித்து, நுனியைக் கழித்து, இரண்டடி வரிசையில் ஒன்றே முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டால் புதுத் தோட்டம் ஆகிறது. இந்த இடைவெளியில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 125 தூர் கொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான யோசனை உண்டு. பத்து சென்ட் புல்லையும் ஒரே வாரத்தில் கலைத்துப் போட்டால், மறுநாள் காலையில் மாட்டுக்கு என்ன போடுவது? கலைத்த தூர் முதல் அறுப்புக்கு வர இரண்டு, இரண்டரை மாதம் பிடிக்கும். எனவே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகக் கலைக்க வேண்டும். கலைத்த வரிசை அறுப்புக்கு வந்த பின் மீதி வரிசைகளைத் தொடலாம். கையில் இருக்கும் ஆளுக்கும் இது தாங்கும். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை தரையோடு ஒட்டி அறுத்து வந்தால் தூர் மேலே ஏறாது.

கலைக்கும்போதே நான்கில் ஒரு வரிசையை அடியோடு எடுத்து விட்டு வேலிமசால் விதைப்பது இன்னும் நல்லது. நேப்பியர் புல்லில் ஆக்ஸலேட் என்ற பொருள் இருக்கிறது. இதை மட்டுமே நாள்தோறும் தின்னும் மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் சேர்ந்தால் அந்தக் குறை நீங்குவதோடு பாலுக்கும் நல்லது. வேலிமசால் இல்லாதவர்கள் தாது உப்புக் கலவை கொடுக்கலாம்.

எல்லாத் தூரும் பிரித்து வைக்கத் தகுந்தவை அல்ல. வீட்டுச் சுவர் ஓரத்திலும், இளந் தென்னங்கன்றின் காலடியிலும், காய்கறிப் பாத்திக்கு அருகிலும் நிற்பவற்றை எடுத்து விடுவதே சரி. இதன் வேர் அடுத்த பயிரின் தண்ணீரையும் உரத்தையும் இழுத்துக் கொள்ளும். பிளந்து பார்த்து உள்ளே கறுத்து அழுகிய தூரையும் வைத்திருப்பதில் பொருள் இல்லை.

அகற்றுவதில் ஒரு வசதி, இது கம்புக்கும் நேப்பியருக்கும் பிறந்த ஒட்டு. கதிர் விட்டாலும் முளைக்கும் விதை பிடிக்காது. ஆகவே தூரையும் கணுவையும் ஒழித்தால் புல் ஒழிந்தது. அருகு, கோரை போல் விரட்டிக் கொண்டே இருக்க வேண்டியதில்லை. தீ வைப்பது வீண் வேலை. மேலே உள்ள சருகு எரியும். அடியில் உள்ள கணு அடுத்த மழையில் முன்னிலும் தழைத்து வரும். மாடு மேயும் இடத்திலும் வீட்டை ஒட்டியும் களைக்கொல்லி தெளிப்பதும் வேண்டாத வேலை. தரையோடு அறுத்து, சுற்றிலும் ஓரடி தள்ளி மண்வெட்டியால் வெட்டி, கடப்பாரையால் நெம்பிப் புரட்டுவதே சுருக்கமான வழி. மண்ணை உதறி, வேர் மேலே தெரியும்படி கவிழ்த்துச் சித்திரை, வைகாசி வெயிலில் காயப் போட வேண்டும். பச்சைத் தூரை எருக்குழியில் போட்டால் அங்கேயே வேர் பிடித்து விடும். முழுக்கக் காய்ந்த பிறகு குழியில் போடலாம், அல்லது அடுப்புக்கு எடுக்கலாம். நெம்ப ஆள் கிடைக்காதவர்கள் துளிர் ஒரு சாண் வரும்போதெல்லாம் விடாமல் அறுத்து வந்தால் தூர் நாளடைவில் சோர்ந்து விடும். இதற்குப் பொறுமை வேண்டும்; நடுவில் ஒரு மாதம் விட்டால் பட்ட பாடு வீண்.

கொல்லையில் நிற்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் தூர் பிரிக்கும் முறை இதேதான். வரப்பைக் காக்க நட்ட வெட்டிவேரைப் பிளக்கக் கூடாது. அதன் தோகையை ஓரடி உயரத்தில் கழித்து விட்டால் போதும்.

தூர் பெயர்த்த இடத்து மண் சத்து உறிஞ்சப்பட்டு வெளுத்திருக்கும். அங்கே தொழு உரம் இட்டு, ஒரு பருவம் தட்டைப்பயறோ உளுந்தோ விதைக்கலாம். களை எடுக்கப் போகும்போதே, தப்பிய கணு எங்காவது தலை நீட்டினால் கையோடு பிடுங்கி விடலாம்.