நீரில்லா நிலத்தில் பொன் தேடுவோர்

மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்க மாந்தர் கண்ட பழைய வழி நீரில் அரித்தலாகும். தட்டில் மண்ணையிட்டு நீர்விட்டுச் சுழற்றினால் மணல் வழிந்தோட, எடைமிகுந்த பொன் அடியில் தங்கும். ஆற்றங்கரையில் இஃது எளிது. நீரே இல்லாத நிலத்தில் என் செய்வது? மேற்கு ஆஸ்திரேலியாவின் பொன்வயல்களுடைய வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

1892 ஆம் ஆண்டில் கூல்கார்டியிலும், மறு ஆண்டில் கல்கூர்லியிலும் பொன் கண்டறியப்பட்டது. பெர்த் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில், ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத செந்நிலம் அது. திரண்டு வந்தோர் நம் உழவர் களத்தில் நெல் தூற்றுவதைப் போன்றே மண்ணைத் தூற்றினர். ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குக் காற்றில் மண்ணைக் கொட்டினால் புழுதி பறந்துபோகும். பொன் கீழே விழும். குடிநீரோ விலைபொருளாயிற்று. நச்சுக்காய்ச்சலால் மாண்டோர் பலர். அந்நிலத்தின் ஆதிக்குடிகள் பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரை மூடிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பொன் தேடி வந்தோர் அவற்றையும் வற்றச்செய்தனர். பொன்வேட்டையைப் புகழ்ந்தெழுதும் நூல்கள் இச்செய்தியை விரைந்து கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

அக்காலத்தில் நீரும் உணவும் சுமந்து சென்றவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியோர் ‘ஆப்கானியர்’ என்று பொதுப்பெயரால் அழைக்கப்பட்டாலும், பலுச்சிஸ்தானம், பஞ்சாப், சிந்து ஆகிய பகுதியினரும் அவருள் இருந்தனர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1905 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற பெர்த் பள்ளிவாசல் இம்மக்களின் பொருளுதவியால் எழுந்ததாகும். 1903 ஆம் ஆண்டில்தான் முண்டாரிங் அணையிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் குழாய் பதித்து நீர் கொண்டுவரப்பட்டது.

தூற்றும் முறையில் ஒரு குறை உண்டு. ஈரக் களிமண்ணையும் இறுகிய கல்மண்ணையும் தூற்ற இயலாது. ஆழத்தில் உள்ளதை எட்டவும் முடியாது. ஆகவே பொற்கட்டிகள் பல மண்ணிலேயே தங்கிவிட்டன. அவற்றைத் தேடவே இன்று மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவியுடன் மக்கள் அங்குச் சென்று பாளையமிறங்குகின்றனர். நீரின்றியே பொன்னைக் காட்டித் தருவது இக்கருவியின் தனிச்சிறப்பு.

நீண்ட கோலின் நுனியிலுள்ள தட்டில் கம்பிச்சுருள் ஒன்று அமைந்திருக்கும். அதனுள் மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் பாயுங்கால் நிலத்தினுள் காந்தப்புலம் தோன்றி மறையும். அங்கு உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டம் எழும். அது தரும் மெல்லிய மறுமொழி காதில் ஒலியாகக் கேட்கும். ஆனால் அச்செம்மண்ணே இரும்புத்தாது நிறைந்தது. தொடக்ககாலக் கருவிகள் மண்ணின் குரலையும் பொன்னின் குரலையும் பிரித்தறியாது திணறின. 1995 ஆம் ஆண்டில் அடிலெய்டு நகரத்து மைன்லேப் நிறுவனம் நீளம் வேறுபட்ட துடிப்புகளை அனுப்பும் கருவியை வெளியிட்ட பின்னரே இவ்விடர் பெரிதும் தணிந்தது. எனினும் அதற்கு முன்பே, 1980 இல், தென்கிழக்கேயுள்ள விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவர் அருகே ஓர் அடி ஆழத்தில் 27 கிலோ எடையுள்ள பொற்கட்டியை இத்தகைய கருவி காட்டிக்கொடுத்தது குறிப்பிடத்தக்கது. ‘நம்பிக்கையின் கரம்’ என்று பெயர் சூட்டப்பெற்ற அக்கட்டி அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்றுக்கு விற்கப்பட்டது!

அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நாளெல்லாம் நடந்தால் கிடைப்பன பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி, தோட்டாக்கூடு, தகரத்துண்டு ஆகியவையே. அதற்காக ஒலியைப் புறக்கணிக்கவும் இயலாது. ஒவ்வொன்றையும் தோண்டியே பார்த்தல் வேண்டும். தோண்டிய மண்ணை அள்ளுவது பிளாஸ்டிக் கரண்டியால். இரும்புக் கரண்டியாயின் கருவி அதற்கே ஒலிக்கும். அள்ளிய மண்ணைப் பாதி பாதியாகப் பிரித்துத் தட்டின்மேல் காட்டிக்கொண்டே வந்தால் இறுதியில் உள்ளங்கையில் எஞ்சுவது அரிசியளவு பொன்னாகவும் இருக்கலாம், குதிரைலாட ஆணியின் முனையாகவும் இருக்கலாம். நடந்த தடம் மறவாதிருக்கச் சிலர் இடுப்பில் சங்கிலி கட்டி மண்ணில் இழுத்துச் செல்வர்.

பாளையமிடுவதற்குரிய காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அங்கு அது குளிர்காலம். கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடந்துவிடும். உண்ணவும் கழுவவும் வேண்டிய நீரனைத்தையும் வண்டியிலேயே கொண்டுசெல்ல வேண்டும். கருவிக்கு நீர் வேண்டா. கருவியைப் பிடித்திருப்பவனுக்கு வேண்டுமன்றோ? வண்டி பழுதுற்றால் அதை விட்டு நடந்து செல்லலாகாது என்பது அந்நிலத்தின் முதல் விதி. வானிலிருந்து தேடுவோர்க்கு வண்டி புலப்படும். புதரிடை நடக்கும் மனிதன் புலப்படான். செயற்கைக்கோள்வழித் தம் இடத்தை அறிவிக்கும் சிறுகருவியையும் இக்காலத்தார் உடன் வைத்துக்கொள்கின்றனர்.

‘மைனர்ஸ் ரைட்’ எனும் உரிமச்சீட்டு பெற்றோரே அரசு நிலத்தில் தேடலாம். பிறருடைய சுரங்கக் குத்தகை நிலத்தில் இசைவின்றி நுழைதல் குற்றம். ஆதிக்குடிகளின் புனித இடங்களை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. தோண்டிய குழியை அன்றே மூடிவிடவும் வேண்டும். முன்னோர் அவ்வாறு செய்திலர். அவர்கள் வெட்டிக் கைவிட்ட சுரங்கக் குழிகள் வேலியுமின்றி வாயைத் திறந்தபடி புதர்களுக்கிடையே இன்றும் கிடக்கின்றன. கருவியின் ஒலியில் செவியும் தட்டில் கண்ணும் பதிந்தவாறு நடப்போன் அவற்றைக் காண்பதரிது. எனவே அனுபவமிக்கோர் பொழுது சாயுமுன்பே கூடாரம் திரும்பிவிடுகின்றனர்.