பழைய காரும் நீண்ட ஆயுளும்



1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் விற்பனைக்கு வந்தன. கஞ்சில் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது. ஆயினும், நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு இன்னமும் இத்தகைய பழைய கார்தான் துணை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பட்டணத்து மருத்துவமனைக்கு அதை நம்பித்தானே புறப்படுகிறோம்? அந்த நேரத்தில் அது வழியில் நின்றுவிடக் கூடாதல்லவா?

நெடுந்தூரம் ஓடிய காரின் எஞ்சினுக்குப் பெரும் பகைவர்கள் இருவர். ஒன்று அழுக்கு, மற்றொன்று சூடு.

முதலில் அழுக்கைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உராயாமல் காப்பது எண்ணெய்ப் படலம். ஓட ஓட அதில் கரியும் துகளும் சேருகின்றன. சாதாரண கனிம எண்ணெய் ஊற்றுபவர்கள் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். ஆகவே, வாரம் ஒருமுறை காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் ஓடும் காருக்குக் காற்று வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். அதையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது சூடு. ரேடியேட்டரில் வெறும் ஆற்று நீரை ஊற்றினால் துருவும் உப்பும் படிந்து குழாய்கள் அடைபடும். அதற்குரிய குளிர்விப்பு நீரையே பயன்படுத்துங்கள். வெப்பமுள் மேலே ஏறினால், "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரமாக நிறுத்துங்கள். மேலும் ஓட்டினால் அலுமினியச் சிலிண்டர் தலை வளைந்துவிடும். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாதது டைமிங் பெல்ட். இந்த ரப்பர் பட்டை உள்ள கார்களில், கையேட்டில் சொன்ன தூரத்தில் அதை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கியவருக்கு அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், முதல் வேலையாக மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துபோகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்று போதும். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை ஆகிய மூன்றையும் உங்கள் மகனோ மகளோ எழுதட்டும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எதை மாற்றியாயிற்று, எது பாக்கி என்று அறிந்தவரிடம் வீண் செலவு வைக்க எவருக்கும் எளிதில் துணிவு வராது.