தானாக மறுதொடக்கம் ஆகும் கணினி: எங்கே கோளாறு?

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிய மேசைக் கணினி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, தானாக மீண்டும் தொடங்குகிறது. சேமிக்காத இடுபணி போனது போனதுதான். பலர் உடனே கடைக்குச் சென்று, ஊகத்தில் ஒரு புதிய பாகத்தை வாங்கி மாட்டுகிறார்கள். பணம் கரைகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன், கணினி எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள்.

பிழைத் திரை தெரிகிறதா?

விண்டோஸ் செயலிழக்கும்போது ஒரு பிழைத் திரையைக் காட்டும். ஆனால், உடனே மறுதொடக்கம் செய்யும்படி அது முன்கூட்டியே அமைக்கப்பட்டிருப்பதால், நாம் அதைப் படிப்பதற்குள் மறைந்துவிடும். 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு பிழைத் திரை வந்து நின்றால், ரேம் நினைவகத்தையோ இயக்கி மென்பொருளையோ முதலில் சந்தேகிக்கலாம்.

எந்தத் திரையும் இல்லாமல் சட்டென அணைந்தால், சந்தேகம் மின்வழங்கியின் பக்கம் திரும்ப வேண்டும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண் காணப்படும். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

மின்வழங்கி ஏன் கைவிடுகிறது?

மின்வழங்கி 12 வோல்ட் மின்சாரத்தை 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எல்லாம் சீராக இருக்கும்வரை 'மின்சாரம் சரி' என்ற சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சமிக்ஞை நின்ற கணமே கணினி மறுதொடக்கம் ஆகிறது. அதாவது, நாம் கோளாறு என நினைப்பது உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

கிராபிக்ஸ் கார்டு சில மைக்ரோவினாடிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். சராசரிக் கணக்கில் போதுமானதாகத் தெரியும் மின்வழங்கியும் அந்தக் கணத்தில் தடுமாறலாம். விளையாட்டின்போது மட்டும் கணினி அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செயலி அளவுக்கு மீறிச் சூடானாலும் கணினி அணையும். ஆனால் அப்போது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், உடனே திரும்பத் தொடங்காது.

வரிசையாகச் சோதியுங்கள்

முதலில் கணினியை அணைத்து, சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே உள்ள மின்கம்பிகளை எல்லாம் அழுத்திச் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பியைத் தவிர்த்து, நேராகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். பயோஸில் ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால், பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெம்டெஸ்ட்86 மென்பொருளை விரலியில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும், ரேம் துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். இறுதியாக, நண்பரிடமிருந்து போதிய திறனுள்ள மின்வழங்கியை இரவல் வாங்கிப் பாருங்கள். அதன் கம்பிகளையே பயன்படுத்துங்கள். வேறொரு மின்வழங்கியின் கம்பி பாகங்களை எரித்துவிடக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. பழுதான மின்வழங்கியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.